ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் நடுவே

இத்தாலியைப் பற்றி வெளிநாட்டு ஆசிரியர்கள் எழுதியிருக்கிற புஸ்தகங்களுக்குக் கணக்கே கிடையாது. கவிகளும் நாவலாசிரியர்களும் போய்விட்டு வந்து எழுதினார்கள். திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிட்டவர்களும் எழுதினார்கள். இவற்றில் முக்கால்வாசியை இன்று படிக்க முடிவதில்லை. ஒரு சூரியாஸ்தமனம், ஓர் இடிந்த தூண், தூரத்தில் மாதாகோயில் மணியோசை, கடைசியில் ஹோட்டல்காரன் ஏமாற்றிய கதை - இவ்வளவுதான் அவற்றில் தேறும். மீதிக் கால்வாசியில் சில புஸ்தகங்கள் மட்டும் நல்ல நாவலைப் போல மனசில் நிற்கின்றன. அந்தச் சில புஸ்தகங்களை, முற்றிலும் லௌகிகமான ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மறுபடியும் படித்துப் பார்த்தேன். இலக்கியத்தை இப்படி உபயோகிக்கலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். உபயோகப்பட்டால் இலக்கியம் கெட்டுவிடும் என்று நான் நினைக்கவில்லை.

கேள்வி இதுதான். இத்தாலியில் நாலைந்து ஊர்களைப் பார்த்து வர வேண்டும். ரயிலில் போவதா, வாடகைக் கார் எடுத்துக்கொள்வதா?

நம்மவர்களில் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் இப்போது அதிகம். மகன் அல்லது மகள் ஐரோப்பாவில் வேலையில் இருப்பார்கள். அல்லது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதி, சேமித்த பணத்தில் ஒரு தடவையாவது போய்விட்டு வரலாம் என்று கிளம்புவார்கள். விஸாவுக்கு மனுப்போடும்போதே எந்தத் தேதியில் எந்த ஊரில் தங்குவீர்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே திட்டம் போடாமல் முடியாது. திட்டமும் அநேகமாக ஒரே மாதிரிதான் அமைகிறது. பத்து நாள். மிலானில் ஒன்று, வெனிஸில் இரண்டு, பிளாரன்ஸில் இரண்டு, நடுவே அரை நாளில் பீஸாவின் சாய்ந்த கோபுரம், ரோமில் மூன்று, நேப்பிள்ஸும் பாம்ப்பெய்யும் சேர்த்து ஒன்றரை. ஒரு தடவைதானே போகப் போகிறோம், எதையும் விட்டுவிடக் கூடாது என்ற ஆசை. அந்த ஆசையைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. பல வருஷச் சேமிப்பு அதில் இருக்கிறது. ஆனால் அந்தத் திட்டத்தோடு போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், ஊர்ப்பெயர்களைச் சொல்கிறார்கள். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ரயில் கட்சிக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரோமிலிருந்து பிளாரன்ஸுக்கு வேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். பிளாரன்ஸிலிருந்து வெனிஸுக்கு இரண்டு மணிக்குச் சற்று மேலே. ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு ஒரு மணிக்குச் சற்று மேலே. சில இடங்களில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம். அரசாங்க ரயிலுக்குப் போட்டியாக இத்தாலோ என்ற தனியார் ரயிலும் 2012 முதல் ஓடுகிறது. முன்கூட்டியே வாங்குகிறவர்களுக்கு டிக்கெட் மலிவு, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். சின்ன ஸ்டேஷன்களிலும் நின்று போகும் பிராந்திய ரயிலுக்கு அந்தத் தொல்லை இல்லை, கட்டணம் மாறாது. காகித டிக்கெட்டாக இருந்தால் மட்டும் ஏறுமுன் ஸ்டேஷனிலுள்ள யந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். மறந்தால் அபராதம்.

கார் கட்சிக்காரர்களுக்கும் ஒரு வாதம் உண்டு. மிலானிலிருந்து நேப்பிள்ஸ் வரை நீளும் 'சூரியச் சாலை' 1964ல் முழுவதும் திறக்கப்பட்டது. அதில் போய், மனசுக்குப் பிடித்த இடத்தில் திரும்பி, நினைத்த இடத்தில் நிற்கலாம். உண்மைதான். ஆனால் நம் லைசென்ஸோடு சர்வதேச லைசென்ஸும் வேண்டும், அதை இங்கேயே வாங்கிக்கொண்டு போக வேண்டும். வலது பக்கம் ஓட்ட வேண்டும். நெடுஞ்சாலைக்குச் சுங்கம். ஓர் ஊரில் எடுத்த வண்டியை வேறோர் ஊரில் விட்டால் அநேகமாக அதற்குத் தனிக் கட்டணம். எல்லாவற்றுக்கும் மேலே, பழைய ஊர்களின் நடுப்பகுதிக்குள் அனுமதியில்லாத வண்டி நுழையக் கூடாது. போலீஸ்காரர் நின்று தடுக்க மாட்டார். காமிரா நம்பரைப் பிடித்துக்கொள்ளும். ஊர் திரும்பி மாதக் கணக்கான பிறகு அபராதச் சீட்டு தபாலில் வரும். விலாசம் தெரிவித்ததற்காக வாடகைக் கம்பெனி வேறு ஒரு தொகை பிடித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு பதில் சொல்வது சுலபம். பெரிய நகரங்களுக்கு ரயில், கிராமப் பிரதேசத்துக்குக் கார். சரியான பதில்தான். ஆனால் கேள்வியே போதாது என்பது என் அபிப்பிராயம். ஏன் போதாது என்பதை இத்தாலியின் பூகோளமும் அதைப் பற்றிய இலக்கியமும் சேர்ந்து சொல்கின்றன.

நடு இத்தாலியின் பழைய ஊர்களில் பல குன்றின்மேல் இருக்கின்றன. கீழே சதுப்பும் மலேரியாவும். கீழே உள்ள வழியாகத்தான் படைகளும் வரும். ஆகவே மனிதர்கள் மேலே போய்ச் சுவர் எழுப்பிக்கொண்டு வாழ்ந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் போட வந்த இஞ்சினீயர்கள் குன்று ஏறவில்லை. பள்ளத்தாக்கோடு தண்டவாளத்தைக் கொண்டுபோய்விட்டார்கள். அதனால் ஸ்டேஷன் பலகையில் ஊரின் பெயர் இருக்கும், ஊர் இருக்காது. ஆர்வியேத்தோவில் ஸ்டேஷன் பாறையின் அடியில் இருக்கிறது; நம் பழனி மலை விஞ்ச் மாதிரி ஒரு வண்டியில் மேலே ஏற வேண்டும். அஸிஸி ஸ்டேஷன், மலையடியில் சாந்தா மரியா தெலி ஆஞ்செலி என்ற வேறு ஊரிலே இருக்கிறது. சியெனாவிலும் ஸ்டேஷன் கீழே, ஊர் மேலே. கோபுரங்களுக்குப் பேர்போன ஸான் ஜிமிஞானோவுக்கு ரயிலே கிடையாது. போஜிபோன்ஸியில் இறங்கி பஸ் ஏற வேண்டும். காரில் போகிறவர் இதைத் தாண்டிவிட்டதாக நினைக்க வேண்டாம். அவரும் சுவருக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டியவர்தான். பெருஜியாவில் ஒரு பழைய கோட்டையின் அடித்தளத்தினூடே நகரும் படிக்கட்டு போட்டு, கீழே வண்டியை விட்டுவிட்டு வருகிறவர்களை மேலே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள்.

ரயிலானாலும் காரானாலும் வண்டி கொண்டுபோய்ச் சேர்க்கிற இடம் ஒன்று, ஊர் ஒன்று. இரண்டுக்கும் நடுவே கொஞ்ச தூரம் இருக்கிறது. இத்தாலியைப் பற்றிய நல்ல புஸ்தகங்கள் எல்லாம் அந்தக் கொஞ்ச தூரத்தைப் பற்றித்தான் எழுதப்பட்டிருக்கின்றன என்பதை, வரிசையாகப் படித்தபோது கண்டேன்.

முதலில் ஜெர்மன் மகாகவி கெதே. 1786 செப்டம்பர் 3ந் தேதி விடியுமுன், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், கார்ல்ஸ்பாத்திலிருந்து தபால் வண்டியில் கிளம்பினார். வயது 37, ஊரில் மந்திரி உத்தியோகம், வழியில் வேறு பெயர். வெனிஸில் இரண்டு வாரத்துக்கு மேல் தங்கினார். பிளாரன்ஸில் எவ்வளவு நேரம் இருந்தார் தெரியுமா? மூன்று மணி நேரம். நம் அரை நாள் பீஸாக்காரர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம். ஆனால் மூன்று நாள் கழித்து அவர் செய்ததையும் பார்க்க வேண்டும். சாந்தா மரியா தெலி ஆஞ்செலியில், அதாவது இன்று அஸிஸி ஸ்டேஷன் இருக்கிற அதே ஊரில், வாடகை வண்டியிலிருந்து இறங்கினார். வண்டிக்காரனை அடுத்த ஊருக்குப் போகச் சொல்லிவிட்டு, பலத்த எதிர்க்காற்றில் தனியாக மலையேறினார். அஸிஸிக்கு வருகிறவர்கள் எல்லாம் பார்க்கிற பிரான்ஸிஸ் முனிவரின் கோயிலை அவர் பார்க்கவில்லை. ரோமானியர் காலத்து மினர்வா கோயில் ஒன்றை மட்டும் பார்த்தார். இறங்கி வரும்போது ஆயுதம் தாங்கிய காவலர்கள் வழிமறித்தார்கள். வண்டிக்குப் பணம் கொடுத்துவிட்டு நடப்பானேன், முனிவர் கோயிலைப் பாராமல் போவானேன் என்று சந்தேகப்பட்டு, அவரைக் கள்ளக் கடத்தல்காரனாகவே நினைத்தார்கள்.

ரஸமான இடம் இது. எல்லோரும் பார்ப்பதைப் பாராதவன்மேல் போலீஸுக்கே சந்தேகம் வருகிறது! கெதே எதை விட்டார் என்பதைவிட, ஏன் விட்டார் என்பதுதான் நமக்கு முக்கியம். அவருக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. பழைய ரோமானியர்களின் கலை எந்த அஸ்திவாரத்தின்மேல் நிற்கிறது? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாததை எல்லாம் தயக்கமில்லாமல் ஒதுக்கினார். ஜோத்தோவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் சுவரோவியங்கள் முனிவர் கோயிலில் இருக்கின்றன; அவற்றை அவர் இழந்தார். நஷ்டம்தான். ஆனால் கேள்வியோடு போகிறவன் அடைகிற நஷ்டம் வேறு, பட்டியலோடு போகிறவன் அடைகிற நஷ்டம் வேறு. பிரயாணத்தின்போது எழுதிய நாட்குறிப்பையும் கடிதங்களையும் வைத்துக்கொண்டு முப்பது வருஷத்துக்குப் பிறகு, 1816-17ல், முதல் பகுதிகளை வெளியிட்டார். அத்தனை காலம் கழித்தும் அஸிஸிக் காற்று அதில் அடிக்கிறது. நடந்து ஏறியதன் பலன் அது.

சார்லஸ் டிக்கன்ஸ் 1844ல் குடும்பத்தோடு போனார். பெரிய பழைய வண்டி ஒன்றை விலைக்கு வாங்கி அதில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, ஜெனோவாவில் வீடு எடுத்துத் தங்கினார். அங்கிருந்து வெனிஸ், ரோம், நேப்பிள்ஸ் என்று போய்வந்தார்; வெஸூவியஸ் எரிமலைமேல் ஏறினார்; ரோமில் ஒருவனைத் தலை வெட்டிக் கொன்றதையும் பார்த்து எழுதினார். 'இத்தாலியச் சித்திரங்கள்' என்ற அந்தப் புஸ்தகம் 1846ல் வந்தது. டிக்கன்ஸிடம் எனக்குள்ள பக்தி பெரிது. ஆனாலும் இந்தப் புஸ்தகத்தை அவருடைய நல்ல புஸ்தகங்களோடு சேர்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கண் எல்லாவற்றையும் பார்க்கிறது. பேனாவும் சளைக்காமல் ஓடுகிறது. ஆனால் மனிதர்கள் எல்லாம் பொம்மலாட்டப் பொம்மைகளாகவே இருக்கிறார்கள். வண்டிக்குள்ளேயே இங்கிலாந்தைக் கொண்டுபோய்விட்டார் என்று தோன்றுகிறது. சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு எந்தக் காலத்திலும் உள்ள அபாயம் இது. மாருதியானாலும் பியட்டானாலும் கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே நம் வீடுதான், நம் பாட்டுத்தான், நம் புளியோதரைதான்.

அந்தப் புஸ்தகத்தில் ஓர் அத்தியாயம் மட்டும் விதிவிலக்கு. வெனிஸைப் பற்றியது. ஊரின் பெயரைக் கடைசிவரை சொல்லாமல், ஒரு கனவு போல எழுதியிருக்கிறார். அவர் போனபோது வெனிஸுக்கு ரயில் பாலம் இல்லை. அது புஸ்தகம் வந்த 1846ல்தான் திறந்தது. படகில் ஏறி, ராத்திரியில், தண்ணீர் வழியே ஊருக்குள் நுழைந்தார். வண்டியைக் கரையில் விட்டுவிட்டு இறங்கிய அந்த இடத்தில்தான் டிக்கன்ஸ் மறுபடியும் டிக்கன்ஸாகிறார். இன்று வெனிஸ் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் படிக்கட்டுக்குக் கீழேயே பெரிய கால்வாய். கார்கள் நகரின் ஓரத்தில் பியாத்ஸாலே ரோமாவோடு நின்றுவிட வேண்டும். ஸ்டேஷனும் ஊரும் ஒட்டியிருக்கிற இடம் அது. அப்படியிருக்கிறதாலேயே காலையில் வந்து சாயங்காலம் திரும்புகிற கூட்டத்தால் அந்த ஊர் தத்தளிக்கிறது.

இனி, நான் மிகவும் மதிக்கிற புஸ்தகத்துக்கு வருகிறேன். இ. எம். ஃபார்ஸ்டரை நம்மில் பலர் 'எ பாஸேஜ் டு இண்டியா' நாவலின் ஆசிரியராக மட்டும் அறிவோம். அவருடைய முதல் நாவல் இத்தாலியைப் பற்றியது. 'வேர் ஏஞ்சல்ஸ் ஃபியர் டு ட்ரெட்' என்று பெயர், 1905ல் வெளிவந்தது. அது பிரயாணத் திட்டத்தைப் பற்றிய நாவல் என்று நான் சொன்னால் விமரிசகர்கள் சிரிக்கலாம். ஆனால் முதல் காட்சியே லண்டன் ரயில் ஸ்டேஷனில், பிரயாணிக்கு யோசனை சொல்லும் காட்சிதான்.

லிலியா என்ற விதவை. புருஷன் வீட்டாருக்கு அவளைப் பிடிக்காது. கொஞ்ச காலம் கண்ணுக்கு மறைவாக இருக்கட்டும் என்று இத்தாலிக்கு அனுப்புகிறார்கள். மைத்துனன் பிலிப் இத்தாலியைக் கரைத்துக் குடித்தவன் என்று பெயர் வாங்கியவன். வண்டி கிளம்புகிற நேரத்தில்கூட உபதேசம் செய்கிறான். எல்லோரும் போகிற வழியை விட்டு விலகிப் போ, சின்ன ஊர்களைப் பார், அந்த ஜனங்களை நேசி என்பது அவன் உபதேசத்தின் சாரம். இன்றைக்கும் இத்தாலிக்குப் போகிறவர்களுக்கு, விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிற யோசனை இதுதான். லிலியாவும் கீழ்ப்படிதலுள்ள பிரயாணி. வழியை விட்டு விலகினாள். மான்டெரியானோ என்ற குன்றூரில் தங்கினாள். அங்கே தன்னைவிட மிகவும் இளைய ஜீனோ என்பவனை நேசித்துக் கல்யாணமும் செய்துகொண்டாள். சொன்னபடி செய்தாள்! உபதேசம் செய்த பிலிப் அலறியடித்துக்கொண்டு ரயிலேறுகிறான். ஸ்டேஷனில் இறங்கி, குன்றேறும் வண்டியில் போகும்போது, மாப்பிள்ளையின் தகப்பன் ஒரு பல் டாக்டர் என்று தெரியவருகிறது. அந்த ஒரு வார்த்தையில் பிலிப்பின் இத்தாலி முழுவதும் உதிர்ந்துபோகிறது. ஓவியமும் கோபுரமும் இருக்கிற ஊரில் பல் டாக்டரும் இருப்பான் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

மான்டெரியானோ கற்பனை ஊர். ஸான் ஜிமிஞானோவை மனசில் வைத்து எழுதியது என்பார்கள். ஸ்டேஷன் கீழே, ஊர் மேலே, நடுவே காட்டு வழி. கதையின் பெரிய திருப்பங்கள் இரண்டு அந்த நடுவழியிலேதான் நடக்கின்றன. ஒன்று, இப்போது சொன்ன பல் டாக்டர் விஷயம். இன்னொன்று, கதையின் கடைசியில் வரும் கோரம். பிரசவத்தில் லிலியா இறந்துபோகிறாள். அவள் குழந்தையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பிலிப்பும் அவன் சகோதரி ஹாரியட்டும் வருகிறார்கள். ஜீனோ தன் குழந்தையிடம் வைத்திருக்கும் பிரியம் அவர்கள் திட்டத்தில் இல்லாத விஷயம். ஹாரியட் குழந்தையைத் திருடிக்கொண்டு, மழை ராத்திரியில், ரயிலைப் பிடிக்க வண்டியைக் கீழே விரட்டச் சொல்கிறாள். வழியில் வண்டி மோதிக் கவிழ்கிறது. குழந்தை இறந்துவிடுகிறது.

இருபத்தாறு வயது ஆசிரியர் எழுதியது. சில இடங்களில் கை நடுங்குகிறது. ஹாரியட் கொஞ்சம் பொம்மைதான். ஆனால் விஷயம் பொய்யில்லை. கலைக்காக ஒரு நாட்டை நேசிக்கிறவன், அந்த நாட்டு மனிதனைத் தனக்குச் சமமாக நினைக்காதவரையில், ஊருக்குள் போகவே இல்லை என்கிறார் ஃபார்ஸ்டர். ஸ்டேஷனிலேயே நிற்கிறான். மேலே ஏறினாலும் ஸ்டேஷனையும் கூடவே எடுத்துக்கொண்டு ஏறுகிறான். ரயிலைப் பிடிக்கிற அவசரம் ஒரு குழந்தையைக் கொல்லக்கூடியது என்று இந்த நாவலில் படித்த பிறகு, பத்து நாளில் ஆறு ஊர் என்ற திட்டத்தைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

டி. எச். லாரன்ஸ் வேறு ஜாதி. 1921 ஜனவரியில், சிஸிலியிலுள்ள தாவோர்மினாவிலிருந்து மனைவியோடு கிளம்பி, ரயிலும் கப்பலும் பஸ்ஸுமாக ஸார்டீனியாத் தீவைக் குறுக்கே கடந்து, ரோம் வழியாகத் திரும்பினார். சில நாள் பிரயாணம்தான். பிளாஸ்க்கில் தேநீர், கூடையில் சாப்பாடு, கையில் கொஞ்சம் பணம். அந்த வருஷமே 'ஸீ அண்ட் ஸார்டீனியா' வெளிவந்தது. அதில் பார்க்க வேண்டிய இடம் என்று ஒன்றுகூட இல்லை. நுவோரோ என்ற ஊருக்குப் போய், இங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை, நிம்மதி என்கிற மாதிரி எழுதுகிறார். மெதுவான மலை ரயிலில் ஸோர்கோனோ என்ற ஊருக்கு வருகிறார். தூரத்தில் பார்க்கும்போது சொர்க்கம். இறங்கினால் அழுக்கு விடுதி, குளிர், சாப்பாட்டுக்கு வழியில்லை. கோபம் தலைக்கேறுகிறது. இதுவும் வாழ்க்கைதானே, வந்ததை ஏற்றுக்கொள்ளக் கூடாதா என்கிற தோரணையில் மனைவி அவரைக் கடிந்துகொள்கிறாள். பிறகு அதே விடுதியில், நெருப்பின் முன்னால் ஒரு கிழவர் ஆட்டுக்குட்டியை வாட்டுகிற காட்சியை எழுதுகிறார் பாருங்கள், பிரயாண இலக்கியத்தில் அதற்கு ஈடு சொல்வது கஷ்டம்.

லாரன்ஸுக்குப் பொறுமை கிடையாது. நியாய புத்தியும் பல இடங்களில் கிடையாது. ஆனால் கோபப்படுகிறவன் எதிரே ஒரு மனிதன் நிற்கிறான் என்பதை ஒப்புக்கொள்கிறான். டிக்கன்ஸ் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்; லாரன்ஸ் சண்டை போட்டுக்கொண்டு தங்குகிறார்.

தங்குவதைப் பற்றிய மகத்தான புஸ்தகத்தை ஓர் இத்தாலியரே எழுதினார். கார்லோ லெவி, வடக்கே டூரின் நகரத்து ஓவியர், டாக்டருக்குப் படித்தவர். முஸ்ஸோலினி அரசாங்கம் அவரை 1935ல் தெற்கே லூகானியாப் பிரதேசத்துக்கு நாடு கடத்தியது. 'கிறிஸ்து எபோலியோடு நின்றுவிட்டார்' என்ற அவர் புஸ்தகம் 1945ல் வந்தது. எபோலி என்பது, ரோடும் ரயிலும் கடற்கரையை விட்டு உள்நாட்டுக்குத் திரும்புகிற இடத்தில் உள்ள ஊர். அதற்கப்பால் நாகரிகமும் வரவில்லை, கிறிஸ்துவும் வரவில்லை, நாங்கள் மனிதர்களாகவே எண்ணப்படவில்லை என்பது அந்தக் குடியானவர்களின் எண்ணம். தலைப்பிலேயே, வண்டிப் பாதைக்கும் ஊருக்கும் நடுவே உள்ள தூரம் இருக்கிறது. லெவி அந்தக் கிராமத்துக்கு ஒரு காரில்தான் வந்தார். கையில் விலங்கோடு, இரண்டு பக்கமும் அரசாங்கச் சேவகர்களோடு. கிராமத்தைவிட்டு வெளியே போக அனுமதியில்லை, மயானம்தான் எல்லை. வெயில் தாங்காமல், புதிதாக வெட்டிய குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டதாக எழுதுகிறார். எந்தத் திட்டமும் இல்லாத பிரயாணம் அது. அதனால் அங்கே உள்ள ஒவ்வொரு முகமும் அவருக்குத் தெரிந்தது. அந்த மண்ணிலேயே தம்மைப் புதைக்கும்படி செய்துகொண்டார். அந்தக் கிராமத்தின் உண்மைப் பெயர் அலியானோ. ரயில் இன்றும் அங்கே போவதில்லை.

இன்றைய ஆசிரியர் ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். டிம் பார்க்ஸ் இங்கிலீஷ்காரர். 1981 முதல் பல வருஷம் இத்தாலியிலேயே வாழ்ந்தவர். வெரோனாவிலிருந்து மிலானுக்கு வேலைக்காக ரயிலில் போய்வந்தவர். இத்தாலிய ரயில்களைப் பற்றியே 2013ல் 'இட்டாலியன் வேஸ்' என்று ஒரு புஸ்தகம் எழுதினார். டிக்கெட் விதிகள், பரிசோதகரோடு வாக்குவாதம், எதிர் ஸீட்டுக்காரரின் பேச்சு - இவ்வளவுதான் சரக்கு. ஆழமான புஸ்தகம் என்று சொல்ல முடியாது. ஆனால் நேர்மையான புஸ்தகம். வேக ரயிலைவிட நின்று நின்று போகிற ரயிலில்தான் இத்தாலி ஏறி இறங்குகிறது என்பதை அதில் காணலாம். வண்டியையே ஊராக்கிக்கொண்ட சாமர்த்தியம் அவருடையது.

இத்தனை புஸ்தகங்களும் சேர்ந்து லௌகிகக் கேள்விக்கு என்ன பதில் சொல்கின்றன? ரயிலா காரா என்பதைக் கடைசியில் தீர்மானித்துக்கொள்ளலாம் என்கின்றன. முதலில், எத்தனை தடவை மேலே ஏறிப் போய் ராத்திரி தங்கப் போகிறோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். ராத்திரி என்று அழுத்திச் சொல்கிறேன். குன்றூர்களுக்குக் காலையில் வரும் கூட்டம் சாயங்காலப் பஸ்ஸோடு கீழே இறங்கிவிடும். அதற்குப் பிறகுதான் ஊர் ஊர்க்காரர்களுடையதாகிறது. பல் டாக்டர் கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போவார். கிழவிகள் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். பிலிப் பார்க்காமல் விட்ட இத்தாலி அது.

பன்னிரண்டு நாள் கையில் இருக்கிறவர்கள் இப்படிச் செய்யலாம். ரோமில் ஐந்து நாள், பிளாரன்ஸில் நான்கு நாள். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு குன்றூரில் மூன்று ராத்திரி. கார் ஓட்டத் தைரியமுள்ளவர்கள் அந்த மூன்று நாளைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். முதல் நகரத்தை விட்டுக் கிளம்பும் நாளில் வாங்கி, அடுத்த நகரத்தின் நடுவே போகாமல் வெளியிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தைரியமில்லாதவர்களும் வருத்தப்பட வேண்டாம். ரோமுக்கும் பிளாரன்ஸுக்கும் நடுவே பழைய பாதையில் போகும் மெதுவான ரயில் ஆர்வியேத்தோவில் நிற்கும். வேக ரயில்கள் புதுப் பாதையில் அதை விலக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே வேகத்தைக் கொஞ்சம் விட்டால் ஊர் கிடைக்கும்.

வெனிஸ், மிலான், நேப்பிள்ஸ், பீஸா எல்லாம் விட்டுப்போகிறதே என்பீர்கள். விட்டுப்போகட்டும். ஒரு தடவைதான் போகப் போகிறோம் என்பது எல்லாவற்றையும் பார்ப்பதற்குக் காரணம் ஆகாது. சிலவற்றையாவது சரியாகப் பார்ப்பதற்குத்தான் காரணம். கெதே பிளாரன்ஸை விட்டார். லாரன்ஸ் காட்சிகள் அத்தனையையும் விட்டார். லெவிக்கு ஒரு கிராமம்தான் கிடைத்தது. விட்டவர்களுடைய புஸ்தகங்களைத்தான் நாம் இன்னும் படிக்கிறோம்.

ஃபார்ஸ்டரின் நாவல் சின்னது. சிரிக்கச் சிரிக்க ஆரம்பிக்கும், கடைசியில் தூக்கம் வராது. திட்டத்தை எழுதி முடிக்கிறதற்கு முன்னால் படித்துவிடுவது நல்லது; முடித்த பிறகு படித்தால் இன்னொரு தடவை உட்கார்ந்து எழுத நேரிடும். போகாதவர்களும் படிக்கலாம். நம் ஊரிலும் ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் நடுவே தூரம் இருக்கத்தான் செய்கிறது.